எரிமலைக்கு எதிரே ஒரு கீழ் அறை

எரிமலைக்கு எதிரே இருந்த ஒரு விடுதியில் படுத்தெழும்பி வந்தேன் என்று என் மேலதிகாரியிடம் பொய் சொன்னேன். பிறகு அதே பொய்யை, கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் சொல்லி, அவரை அந்த விடுதிக்கு அனுப்பிவைத்தேன். முதற் பொய்க்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இரண்டாவதற்கு ஒரு பெட்டி பயற்றம் பணியாரம் கிடைத்தது. இரண்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஹரிணி. சென்னையிலிருந்து வந்து மெல்பேர்ன் புறநகரான டார்னெய்ட்டில் குடியிருப்பவள். எங்கள் பயண முகவர் நிலையத்தில் என் கடைசி வருடங்களில் வேலை பழகினாள். இன்று இணையத்தில் தங்குமிடம் பிடித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அண்மையில் தொலைபேசியில் கேட்டாள்.

"அங்கிள், எங்க பசங்களுக்கு ஸ்டார் எண்ணத் தெரியும். ஸ்டாரை மறைச்சுட்டு இந்த ரூம் நல்லா இருக்குமான்னு கேட்டா முழிக்கிறாங்க. நீங்கல்லாம் எப்படி செலக்ட் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன்."

"எழுதுறன் பிள்ளை. வாசிச்சுப்போட்டுத் திட்டக் கூடாது."

"உங்களைப் போய் யாராவது திட்டுவாங்களா? நீங்க எரிமலை ஸ்பெஷலிஸ்ட் ஆச்சே!"

அந்தப் பட்டம் வந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் ஆசிரியர். எரிமலைப் பாடம் வரும் நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வாசலில் வந்து நிற்பார்கள். மலையை நடுவால் வெட்டியதுபோல் கரும்பலகையில் வரைந்து, அடியில் கற்குழம்பு அறையைச் சிவப்புச் சோக்கால் நிரப்பி, ஒரு குழாயை மேலே இழுத்து விடுவேன். நான் கண்ணால் கண்ட ஒரே எரிமலை அதுதான். மெல்பேர்னுக்கு வந்தபின் பிஸ்கட் தொழிற்சாலை, துப்புரவு வேலை, ஒரு குறுகிய காலப் படிப்பு என்று சில வருடங்கள் ஓடின. பிறகு மல்கிரேவில் ஒரு பயண முகவர் நிலையத்தில் டொரத்தி என்னை வேலைக்கு எடுத்தார்.

டொரத்தி உயரமான பெண்மணி. எப்போதும் தட்டைச் சப்பாத்துத்தான் போடுவார். உயர்ந்த குதியோடு நடப்பவருக்கு எல்லா மாடிப்படியும் மோசமாகத்தான் இருக்கும், அப்படிப்பட்டவர் விடுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பார். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் செய்த பிழையைத் தேடத் தொடங்குவோம்.

விளம்பரப் படங்களை அவர் நம்பியதே இல்லை. "படத்தை நின்றுகொண்டு எடுக்கிறார்கள். விருந்தாளி படுத்துக்கொண்டு பார்க்கிறார்" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கழுத்துப்பட்டியோடு அலுவலகக் கம்பளத்தில் மல்லாந்து படுக்கச் சொன்னார்.

"என்ன தெரிகிறது?"

"கூரை."

"கூரையில்?"

"ஒரு ஈரக் கறை."

"இந்த இடத்தை யாருக்காவது சிபாரிசு செய்வதானால் அந்தக் கறையையும் சேர்த்துச் சொல்."

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஐயோ மாஸ்டர்! என்ன நடந்தது? அம்புலன்சுக்கு அடிக்கட்டே?"

"ஒண்டுமில்லை, ட்ரெயினிங்."

"படுக்கிறதுக்குமோ?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவர் பின்னர் சிட்னிக்குப் போக வேறு முகவரிடம் டிக்கெட் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

நான் எரிமலை படிப்பித்தவன் என்று தெரிந்ததும், எரிமலைக்குப் பக்கத்தில் உள்ள விடுதிகளையெல்லாம் டொரத்தி என் தலையில் கட்டினார். பாலி, நியூசிலாந்து, வனுவாட்டு, ஹவாய் எல்லாம் என் பொறுப்பு. அவர் சொல்லித் தந்த முறைகளை ஹரிணியிடம் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்காக இங்கே சொல்கிறேன். இவை நல்ல முறைகள். பிழை என்னில்தான்.

விடுதிக்குப் போனதும் முகாமையாளரோடு பேசாதே, முதலில் பின்பக்கம் போ. துணி காயப்போடும் கொடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். சாம்பல் எந்தப் பக்கக் காற்றில் வரும் என்று துணி துவைக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். யன்னல் விளிம்பில் விரலை வைத்து இழு. விரலில் சாம்பல் பிடித்தால் கவலையில்லை, எரிமலைக்குப் பக்கத்தில் அது வரத்தான் செய்யும். ஒரு விளிம்பு மட்டும் சுத்தமாக இருந்தால் நீ வருவது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிறகு உரிமையாளரின் வாகனம் எப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பார். முன்பக்கம் வீதியைப் பார்த்து நின்றால் அவர் மலையை மதிக்கிற ஆள். சுவரைப் பார்த்து நின்றால் மலையை மறந்த ஆள். வெளியேற இரண்டு பாதை இல்லாத இடத்துக்கு யாரையும் அனுப்பாதே. கடைசியாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படு. தலையணையில் தலையை வைத்துப் பார். அங்கிருந்து தெரிவது மட்டும்தான் காட்சி. மற்றதெல்லாம் நடந்து போய்ப் பார்ப்பது.

தொலைபேசியிலும் இவற்றைக் கேட்க வேண்டும். நியூசிலாந்தில் ஒரு விடுதிக்காரரிடம், உங்கள் துணிகளை எங்கே காயப்போடுவீர்கள், வாகனத்தை எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "நீ யார், உனக்கு என்ன வேண்டும்?" என்று அவர் அதட்டினார். பொலிசுக்குச் சொல்லுமுன் நான் வைத்துவிட்டேன்.

எங்கள் மக்களில் பலர் பாலிக்குப் போய்க் கோயில் பார்க்க விரும்பியதால், அங்கே பாத்தூர் எரிமலைக்கு எதிரே, மலைவிளிம்பில் உள்ள ஒரு விடுதியைப் பார்த்து வரும்படி டொரத்தி என்னை அனுப்பினார். ஒரு இரவாவது அங்கே தங்க வேண்டும் என்பது கட்டளை.

விமானத்திலிருந்து இறங்கியபோது நான் தைரியமாகத்தான் இருந்தேன். வாகனம் மேலே ஏற ஏறத்தான் என் கரும்பலகை என் கண்முன் வந்தது. பயணிகள் மலையின் மேற்பக்கத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் அது நடுவால் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த வீதி, என் படத்தில், சிவப்புச் சோக்குக்கு மேலே போட்ட ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. சாரதி வயன் நல்ல மனிதர். மலை கொஞ்ச நாளாக இலேசாகப் புகைகிறது, அது வழக்கம்தான் என்று என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். வாந்தி வருகிறது என்றேன். வாந்தி உண்மையாகவே வந்தது. அவ்வளவு நேர்மை என் வயிற்றுக்கு இருந்தது.

பாதி வழியில், வயல்வெளி நடுவே இருந்த ஒரு விடுதியில் தங்கிவிட்டேன். வாத்துக்கள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, மேலே இருக்கும் விடுதியைப் பற்றி வயனிடம் கேட்டேன். மலைக்கு நேர் எதிரே என்றார். மாடி உண்டா? உண்டு. எனக்கு அது போதுமாக இருந்தது.

டொரத்தி எழுத்து அறிக்கையை ஏற்பவர் அல்லர். எழுதும்போது எவரும் பொய் சொல்லலாம் என்பார். திங்கட்கிழமை காலையில் எல்லோர் முன்னாலும் நின்று வாயால் சொல்ல வேண்டும்.

"கட்டிலின் எந்தப் பக்கம் படுத்தாய்?"

"இடப்பக்கம்."

"ஏன்?"

"யன்னல் அந்தப் பக்கம்."

"எழும்பியதும் முதலில் கேட்ட சத்தம்?"

"சேவல்." உலகத்தில் எந்த ஊரிலும் சேவல் இருக்கும் என்று துணிந்தேன்.

"துணிக்கொடி?"

"மேற்குப் பக்கம்." இது தெரியாத கேள்வி. ஆகவே பருவக்காற்றைப் பற்றி ஒரு சிறிய பாடமே நடத்தினேன். காற்றுத் திசை, சாம்பலின் எடை, மலைவிளிம்பின் சாய்வு. டொரத்தியின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "இப்படித்தான் பார்க்க வேண்டும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். சில மாதங்களில் திங்கட்கிழமை விசாரணைகளை நடத்தும் பொறுப்பை என்னிடமே தந்தார். கட்டிலின் எந்தப் பக்கம் படுத்தாய் என்று பிறகு நான் மற்றவர்களைக் கேட்டேன். கூச்சத்துக்குப் பதில் கண்டிப்பு வந்தது. பொய் சொன்னவன்தான் கடுமையான பரீட்சகன் ஆவான் என்று அந்த வருடங்களில் கற்றுக்கொண்டேன்.

இனிக் குலசிங்கம். இது அவருடைய பெயர் அல்ல. மனைவியை இங்கே பவளம் என்று அழைக்கிறேன், அதுவும் அல்ல.

குலசிங்கம் மாநகரசபையில் வடிகால் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மல்கிரேவில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. கண்ணின் நடுப்பார்வை தேயும் நோய் அவருக்கு. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது: நேரே பார்த்தால் நடுவில் இருள், ஓரத்தில் மட்டும் உலகம். மற்றக் கண்ணும் அப்படியாகும், எப்போது என்று சொல்ல முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இருவரும் ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"தில்லை, நான் வாழ்நாள் முழுக்க நிலத்துக்குக் கீழை போறதைத்தான் பாத்தனான் காணும்" என்றார் குலசிங்கம் என்னிடம். "பூமி ஒருக்கால் தன்ரை பாட்டிலை மேலை அனுப்புறதைப் பாக்கவேணும். இந்தக் கண் இருக்கேக்கை."

"அவருக்குப் படி ஏலாது அண்ணை, முழங்கால்" என்றாள் பவளம். "படுத்தபடி மலை தெரியிற அறை இருந்தால் சொல்லுங்கோ. பாலிப் பக்கமெண்டால் கோயிலும் பாத்திட்டு வரலாம்."

"இருக்கு" என்றேன்.

"நீங்கள் கண்ணாலை பாத்தனீங்களே?"

எனக்குப் பின்னால் டொரத்தி இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த விடுதியின் பெயர் அவருக்குக் கேட்கும். நான் அங்கே போகாதவன் என்பதை எந்த மொழியிலும் அந்த அறையில் சொல்ல என்னால் முடியவில்லை. அத்தோடு, உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்டவரின் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் எனக்கு ஒரு தாராளம் வந்தது. இல்லாததைக் கொடுக்கிறவனின் தாராளம்.

"கீழ்த்தளத்திலை கடைசி அறை. படி ஒண்டும் இல்லை. நான் அதிலைதான் படுத்தனான். தலையணையிலை தலையை வைச்சால் மலை நேரை நிக்கும்."

குலசிங்கம் மேசையில் தட்டினார். "பிறகென்ன! போடும் டிக்கெட்டை."

திரும்பி வந்ததும் பவளம் பணியாரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். "எப்பிடி?" என்றேன். "நல்லாயிருந்தது அண்ணை" என்றாள். நான் நிம்மதியாகத் தின்றேன்.

இங்கே எங்கள் மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் விடுதியைத் தெரிவுசெய்வதில்லை. விடுதியைத் தெரிந்த ஆளைத்தான் தெரிவுசெய்வோம். அந்த ஆள் அனுப்பிய இடத்தில் மூட்டைப்பூச்சி கடித்திருந்தாலும், குளியலறையில் வெள்ளம் வந்திருந்தாலும், திரும்பி வந்து ஒரு பலகாரப் பெட்டியோடு 'நல்லாயிருந்தது' என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். முகத்துக்கு நேரே குறை சொன்னால் உறவு முறிந்துவிடும். வேறு முகவர்கள் குறைகளைக் கேட்டுத் திருந்தினார்கள். எனக்குப் பலகாரம்தான் வந்தது. அதையே சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். அந்த விடுதிக்கு இன்னும் பலரை அனுப்பினேன். மேல்மாடி அறைகளுக்கு என்பதால் அவர்களுக்குக் குறையில்லை என்று பின்னர் அறிந்தேன். அது தற்செயல், என் திறமை அல்ல.

வருடங்கள் போயின. டொரத்தி இறந்தார். நான் ஓய்வு பெற்றேன். குலசிங்கத்தின் மற்றக் கண்ணிலும் நடு இருண்டது. ஆனால் எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் அவர் கதிரையைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். தாம் கண்ட எரிமலையைப் பற்றிச் சொல்லுவார். விடியும்போது எப்படிப் புகை கிளம்பியது, முதலில் கறுப்பாக, பிறகு வெள்ளையாக, எப்படி வளைந்து வளைந்து போனது என்று கைகளால் காட்டுவார். நான் பெருமையோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒருநாள் அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தபோது பவளம் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"தில்லை அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அந்த அறையிலை படுத்தனீங்களே?"

"ஏன் பவளம்?"

"யன்னலைத் திறந்தால் மதில். மதிலுக்கு அங்காலை ஒரு பேக்கரி. விறகு எரிச்சுப் பாண் சுடுற போறணை. விடியவெள்ளாப்பிலை குபுகுபுவெண்டு புகை. இவர் கட்டிலிலை எழும்பி இருந்து, 'பவளம், அதுதானே?' எண்டு கேக்கிறார். ஒரு கண் போட்டுது, மற்றது போய்க்கொண்டிருக்கு. நான் என்னத்தைச் சொல்ல? 'ஓம், அதுதான்' எண்டு சொன்னனான்."

என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வெளியிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாமே..."

"காட்டுறதுக்கு மலை வரவேணுமே? நிண்ட நாள் முழுக்க மழையும் பனிப்புகாரும். மேல் அறை கேட்டன், இல்லையெண்டிட்டாங்கள். இவருக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை. அவர்தான் ஏற்கெனவே கண்டிட்டாரே!"

"அப்ப ஏன் எனக்கு நல்லாயிருந்தது எண்டு சொன்னனீங்கள்?"

"பின்னை? தெரிஞ்ச மனுசனுக்கு முகத்திலை அடிச்சமாதிரிச் சொல்லேலுமே? மற்ற ஆக்களுக்குச் சொன்னனான்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும். இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொல்லித்தான்."

மல்கிரேவ் முழுவதும் எனக்குத் தரும் புன்னகைக்கு அன்றுதான் பொருள் விளங்கியது.

"நான் அந்த அறையிலை படுக்கேல்லை பவளம்" என்றேன். "அந்த விடுதிக்கே போகேல்லை. பாதி வழியிலை நிண்டிட்டன்."

"ஏன்?"

"பயம்."

அவள் அடுப்பை அணைத்தாள். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை நான் அவருக்குச் சொன்ன ஒரே பொய் அண்ணை. வாற போற ஆக்களுக்கெல்லாம் அவர் அந்தப் புகையைச் சொல்லச் சொல்ல நான் பக்கத்திலை நிண்டு தலையாட்டிக்கொண்டிருக்கிறன். பயந்தது நீங்கள். பொய்காரி நானோ?"

நான் பரீட்சித்த எந்த ஊழியரிடமும் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. யோசிக்காமல் சொன்னேன்: "நான் அவரைக் கூட்டிக்கொண்டு போறன். உண்மையான மலையைக் காட்டுறன்."

"இப்பவோ? ரெண்டு கண்ணும் போனாப்பிறகோ?"

"ஓரத்தாலை தெரியுதுதானே."

அவள் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனால் போறணைக் கதை உங்கடை வாயாலை வரக் கூடாது. அவர் கண்டது கண்டதாவே இருக்கட்டும். நான் வரேல்லை. வந்தால் திரும்ப நிண்டு 'ஓம்' போடவேணும்."

குலசிங்கத்திடம், நான் ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்த மலையைப் பார்க்க ஆசை, துணைக்கு வாரும் என்றேன். அவர் உடனே சம்மதித்தார். "எனக்கு வழி தெரியும்" என்றார்.

மலைப்பாதையில் என் கரும்பலகை மறுபடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இருக்கையின் விளிம்பு என்று நினைத்து நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது குலசிங்கத்தின் கை.

"விடும் காணும். இரத்த ஓட்டம் நிண்டுபோச்சு. கண்ணும் போய்க் கையும் போகவோ?"

"நீர் பயப்பிடேல்லையே?"

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. தெரியிற உமக்குத்தான் பயம்."

விடுதியை அடைந்ததும் டொரத்தி சொல்லித் தந்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பின்பக்கம் போனேன். துணிக்கொடி கிழக்குப் பக்கம் இருந்தது; என் பருவக்காற்றுப் பாடம் தலைகீழ். உரிமையாளரின் வாகனம் வீதியைப் பார்த்தபடி நின்றது. மேல்மாடியில் மலையைப் பார்த்த அறை ஒன்றைக் குலசிங்கத்துக்கு முன்கூட்டியே எடுத்திருந்தேன். பணியாளர்கள் அவரைக் கதிரையோடு தூக்கிப் படியேற்றினார்கள்.

"சாமி தூக்கிற மாதிரித் தூக்கிறாங்கள்" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "தில்லை, தேங்காய் ஒண்டு உடையும்! அதுசரி, கீழ் அறையிலையே மலை தெரியுமே, ஏன் மேலை?"

"மேலை காற்று நல்லம்" என்றேன். இதுவும் பொய்தான். திருந்தப் போன இடத்திலும் அது என்னை விடவில்லை.

கீழ்த்தளத்துக் கடைசி அறையை எனக்கு எடுத்தேன். சப்பாத்தைக் கழற்றினேன். படுத்தேன். விடியும்போது கண்விழித்துத் தலையணையில் இருந்தபடியே பார்த்தேன். "டொரத்தி, ஒரு மதில் தெரிகிறது. மதிலுக்கு மேலே ஒரு புகைபோக்கி. புகை முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை. பாண் மணம். சேவல் இல்லை" என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னேன். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் சொன்னபின் எழும்பி முகம் கழுவ முடிந்தது.

மேலே போனபோது குலசிங்கம் பலகணியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மேகம் ஒரு வெள்ளைச் சேலைபோல் தொங்கியது. காத்திருந்தோம். வெயில் ஏற ஏற அது கீழிருந்து மேலாக விலகியது. முதலில் ஏரி, பிறகு கருகிய பாறை வெளி, பிறகு மலை. ஒரு துளி புகையும் இல்லாமல், சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதரைப்போல் கிடந்தது. எனக்கும் எரிமலையை நேரே பார்ப்பது அதுதான் முதல்முறை. சிவப்புச் சோக்கு எங்கேயும் தெரியவில்லை.

"தெரியுதோ?" என்று கேட்டேன். அவர் மலையைப் பார்க்காமல் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்காலை, அங்காலை திரும்பும்" என்றேன்.

"நீர் அசையாமல் இரும் காணும். நேரை பாத்தால் ஒண்டுமில்லை. உம்மடை முகத்தைப் பாத்தால்தான் ஓரத்தாலை மலை தெரியுது. கறுப்பா, பெரிசா." கொஞ்ச நேரம் கழித்து, "உம்மடை முகம் தெரியேல்லை. அது ஒரு நன்மை" என்றார்.

அவர் மலையைப் பார்த்து முடியும்வரை நான் அசையாமல் இருந்தேன். கழுத்து வலித்தது. என்னைப் பார்த்தபடி, என்னைக் காணாமல், ஒரு மனிதர் அவ்வளவு நேரம் சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த முகத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பவளத்துக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், என் பங்கை மட்டும் சொன்னேன்.

"குலம், நான் அண்டைக்கு உமக்குப் பொய் சொன்னனான். இந்த விடுதிக்கு நான் வரவேயில்லை. கீழ் அறையிலை படுக்கவும் இல்லை."

"தெரியும்."

"என்னண்டு?"

"கீழ் அறையிலை படுத்தவன் மலை தெரியும் எண்டு சொல்லான். நான் படுத்தனான்." அவர் கைத்தடியை மடியில் வைத்தார். "கண்தானே பழுது. மூக்கு நல்லாத்தான் இருக்கு. பாண் மணக்கிற எரிமலை உலகத்திலை எங்கை இருக்கு?"

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப ஏன் இவ்வளவு காலமும்..."

"பவளம் யன்னலடியிலை நிண்டு 'ஓம், அதுதான்' எண்டு சொன்னவள். குரல் நடுங்கிப் போச்சு. பொய் சொல்லிப் பழகாத மனுசி. அவ்வளவு பாடுபட்டுச் சொன்னதை, 'இது பாண் போறணை' எண்டு நான் உடைக்கேலுமே? ஊருக்கெல்லாம் நான் அடிச்சுச் சொன்னால் அவளுக்கும் நான் நம்பிட்டன் எண்டு நிம்மதியா இருக்கும். அதுதான் சொல்லிக்கொண்டு திரியிறன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தக் கண் அப்ப இருந்தது தில்லை" என்றார். "சரியான அறை எண்டால் நேரை பாத்திருப்பன்." அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, "பவளத்துக்கு மட்டும் எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாதையும்" என்றார்.

நான் கொண்டுபோன பரிகாரம் இவ்வளவுதான். அவருக்கு மலையின் ஓரத்தைக் காட்டினேன். அதன் நடுவை நான் எப்போதோ எடுத்துவிட்டேன்; அதைத் திருப்பிக் கொடுக்க எந்த விமானமும் இல்லை. ஒரு பொய்யை இறக்கி வைக்கப் போன நான், இரண்டு இரகசியங்களைச் சுமந்துகொண்டு மெல்பேர்ன் விமான நிலையத்தில் இறங்கினேன். சுங்கப் பகுதியில் ஏதாவது அறிவிக்க இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

"சொன்னனீங்களே?" என்று பவளம் குசினியில் கேட்டாள்.

"போறணையைப் பற்றி நான் வாய் திறக்கேல்லை." இது சுத்தமான உண்மை. அவள் பெருமூச்சு விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்து. சிட்னி பிளாக்டவுனிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். குலசிங்கம் தம் கதிரையில் இருந்து தொடங்கிவிட்டார்.

"முதல்முறை கண்டதுதான் எரிமலை. புகையெண்டால் புகை! இப்ப இவரோடை போய்ப் பாத்தால், அது பென்ஷன் எடுத்திட்டுது."

"கீழ் அறைக்குள்ளாலை எப்பிடி அங்கிள் தெரிஞ்சது?" என்று ஓர் இளைஞன் கேட்டான்.

"நான் சொன்னால் நம்பமாட்டீர். தில்லையைக் கேளும். அவரும் அதே அறையிலை படுத்தவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்லெற் தட்டோடு வந்த பவளம் நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். குலசிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதாவது, அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"ஓம், படுத்தனான்" என்றேன்.

"புகை தெரிஞ்சதோ அங்கிள்?"

"தெரிஞ்சது. முதல்லை கறுப்பு, பிறகு வெள்ளை."

"எப்பிடி இருந்தது?"

"விடிய எழும்பிப் பாக்கவேணும்" என்றேன். "அப்பதான் வடிவு."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பவளம் தட்டைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். குலசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார். ஒருவர் சிரித்தது மற்றவருக்குத் தெரியாது. நான் மட்டும் நடுவில் இருந்தேன், அசையாமல்.